இறக்கிய காற்றை ஏற்ற ஒரு கருவி

துபாயிலிருந்து ஹத்தாவுக்குப் போகும் சாலையில் லஹ்பாப் பக்கம் செம்மணல் மேடுகள் தொடங்குகின்றன. மாலை வேளையில் அங்கே சஃபாரி வண்டிகள் வரிசையாக ஓரங்கட்டும். ஓட்டுநர்கள் இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குந்துவார்கள். வால்வு மூடியைக் கழற்றிக் காற்றை இறக்குவார்கள். 35 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்த டயர் 15க்கு வரும்வரை சீறல் ஓயாது. ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த உறவினர்கள் வண்டிக்குள்ளிருந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நல்லா இருக்கிற காத்தை ஏன் புடுங்கி விடுறாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. அதைத் தொடர்ந்து வரவேண்டிய கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை: இறக்கிய காற்றை மறுபடி எப்படி ஏற்றுவது? சஃபாரி ஓட்டுநருக்கு மணலை விட்டு ஏறியதும் சாலையோரத்தில் காற்றடிக்கும் கடை இருக்கிறது. குடும்பத்தோடு, உள்ளேயே தங்கும் வசதியுள்ள மோட்டார் ஹோமில் லீவா பாலைச்சோலைக்கோ, ஓமானின் வஹீபா மணல்வெளிக்கோ, காரீஃப் மழைப் பருவத்தில் சலாலாவுக்கோ போகிறவருக்கு அது இல்லை. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட ஓமான்–சவூதி நேர்ச்சாலை ரூப் அல் காலி பாலைவனத்தின் ஊடாக 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அப்படிப்பட்ட சாலையில் கையோடு எடுத்துச் செல்லும் கம்ப்ரசர் உயிர் காக்கும் கருவி. அதைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. அந்த இயற்பியலைத் தெரிந்துகொண்டால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண் நம்மை ஏமாற்றாது.

மணலுக்கு ஏன் குறைந்த காற்று?

உலர்ந்த மணலின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பாரம் ஒரே இடத்தில் குவிந்தால் துகள்கள் பக்கவாட்டில் நழுவி வழிவிடும், சக்கரம் புதையும். பாரத்தைப் பரப்பினால் மணல் தாங்கும். ஒட்டகத்தின் அகன்ற, மெத்தென்ற பாதம் செய்வது இதைத்தான். 1930–31இல் பெர்ட்ரம் தாமஸ் ரூப் அல் காலியைக் கடந்ததும், அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் வில்ஃபிரட் தெசிகர் கடந்ததும் அந்தப் பாதங்களின் மேல்தான்.

மோட்டார் வண்டிக்கு இந்தப் பாடத்தைக் கற்றுத்தந்தவர்களில் முக்கியமானவர் ரால்ஃப் பேக்னால்டு என்ற ஆங்கிலேயப் படைப் பொறியாளர். 1920களின் பிற்பகுதியில் எகிப்தில் பணியில் இருந்தபோது சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போய்வந்தார். டயரில் காற்றைக் குறைத்தால் யாரும் ஏற முடியாது என்று நினைத்த மணற்குன்றுகளிலும் ஏறிவிடலாம் என்று செய்து காட்டினார். மணல் எப்படிப் பறக்கிறது, குன்றாக எப்படிச் சேர்கிறது என்று அவர் எழுதி 1941இல் வெளிவந்த நூல் இன்றும் மணல் ஆய்வாளர்களுக்கு அடிப்படை நூல்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் பாரத்தைத் தாங்கும் என்பதால்தான் 'ஏறத்தாழ'. 2,400 கிலோ எடையுள்ள ஒரு ஃபோர் வீல் வண்டியில் ஒரு சக்கரத்தின் பங்கு 600 கிலோ. 35 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.46 கிலோ. 600ஐ அதனால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு 244 சதுர சென்டிமீட்டர். 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அதே சக்கரம் 570 சதுர சென்டிமீட்டர் பரப்பில் உட்காரும். இரண்டு மடங்குக்கும் மேல். டயர் அகலத்தில் விரிவதைவிட நீளத்தில்தான் அதிகம் விரிகிறது. அந்த நீண்ட தடம் மணலைத் தோண்டாமல் அதன் மேல் நடக்கிறது.

மோட்டார் ஹோம் மணற்குன்றில் ஏறப் பிறந்த வண்டி இல்லை. ஆனால் முகாம் இடத்துக்குப் போகும் மண்பாதையிலும், கடற்கரை ஓரத்திலும், சாலையை விட்டு ஒதுங்கும் ஐந்து மீட்டர் மணலிலும்கூட அது புதையும். அதற்கும் காற்றை இறக்க வேண்டும், அளவோடு. பாரமான வண்டியில் அளவுக்கு மேல் இறக்கினால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். எவ்வளவு வரை இறக்கலாம் என்பதை டயர் நிறுவனத்தின் பார அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கத்து வண்டிக்காரரின் கணக்கை வைத்து அல்ல.

தார்ச்சாலைக்கு ஏன் முழுக் காற்று?

மணலில் உதவிய அதே நெகிழ்வுதான் தார்ச்சாலையில் எமன். சக்கரம் ஒருமுறை சுற்றும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை அமுங்கி, ஒருமுறை நிமிர்கிறது. ரப்பர் தன்னை வளைக்கச் செலவான ஆற்றலை முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாகத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. காற்று குறைந்தால் வளைவு கூடும், வளைவு கூடினால் வெப்பம் கூடும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் டயர் ஒரு நொடிக்கு 13, 14 முறை சுற்றுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அமுங்கிய ரப்பர் நிமிர்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். தரையை விட்டு எழும் இடத்தில் டயரின் மேல் அலை அலையாக மடிப்புகள் நிற்கத் தொடங்கும். அந்த நிலைக்குப் போன டயர் சில நிமிடங்களில் பிரிந்து சிதறிவிடும்.

வளைகுடாவின் கோடையில் வெளிச் சூடும் சேர்கிறது. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று பதிவான 53.9 டிகிரி செல்சியஸை உலக வானிலை அமைப்பு உறுதிப்படுத்தியிருக்கிறது. அது நிழலில் எடுத்த அளவு. வெயிலில் கிடக்கும் தார் அதைவிட மிகவும் சூடாக இருக்கும்.

காற்றின் கன அளவு மாறாமல் வெப்பநிலை ஏறினால் அழுத்தமும் ஏறும். விடியற்காலையில் 25 டிகிரியில் 35 பிஎஸ்ஐ வைத்த டயர், ஓட்டத்தில் 65 டிகிரியைத் தொட்டால் ஏறத்தாழ 42 பிஎஸ்ஐ காட்டும். இதைப் பார்த்துப் பதறி, சூடான டயரில் காற்றை இறக்கிவிடுபவர்கள் உண்டு. இறக்கக் கூடாது. கதவோரம் ஒட்டிய அட்டையில் வண்டி நிறுவனம் எழுதியிருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. ஓட்டத்தில் ஏறும் அழுத்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அதை நிர்ணயித்திருக்கிறார்கள். சூட்டில் இறக்கினால், டயர் ஆறிய பிறகு குறைந்த காற்றோடு நிற்கும். மறுநாள் ஓட்டத்தில் இன்னும் சூடாகும்.

கண்ணால் பார்த்தும் காலால் உதைத்தும் காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்க முடியாது. ரேடியல் டயரின் அடிப்பக்கம் சரியான காற்றிலும் கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும். 10 பிஎஸ்ஐ குறைந்தாலும் வெளியே தெரியாது. அளவிடும் கருவி ஒன்றே சாட்சி.

காற்றை அமுக்கினால் வெப்பம் பிறக்கும்

இனி கம்ப்ரசருக்கு வருவோம். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு அதன் அடிப்படை கையிலேயே தெரியும்: பத்து இருபது முறை அழுத்தியதும் பம்பின் அடிப்பகுதி சுடும். உராய்வு ஒரு காரணம். பெரிய காரணம் காற்றேதான். ஒரு வாயுவை வேகமாக அமுக்கும்போது நாம் செய்யும் வேலை அதற்குள் வெப்பமாகச் சேர்கிறது. வால்வு வழியே காற்றை இறக்கும்போது நடப்பது இதன் மறுபுறம். விரிகிற காற்று குளிர்கிறது. பட்டப்பகலிலும் வால்வின் பித்தளையைத் தொட்டால் சில்லென்று இருக்கும்.

எவ்வளவு சூடு? 45 டிகிரியில் இருக்கும் காற்றை 35 பிஎஸ்ஐக்கு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 3.4 மடங்குக்கு, வெப்பம் வெளியேறாத வேகத்தில் அமுக்கினால் கணக்குப்படி அது 177 டிகிரிக்குப் போகும். சில மோட்டார் ஹோம் டயர்களுக்குத் தேவைப்படும் 80 பிஎஸ்ஐக்கு அமுக்கினால் 268 டிகிரி. சிலிண்டரின் உலோகச் சுவர் கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்சி வெளியே விடுவதால் நடைமுறையில் சூடு குறையும். ஆனாலும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு கருவி எந்த அளவு வெப்பத்தோடு போராடுகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. பிஸ்டன் வளையம், ரப்பர் குழாய், மோட்டாரின் கம்பிச்சுருள் எல்லாவற்றையும் முதலில் கெடுப்பது இந்த வெப்பம்.

அதனால் வளைகுடாவுக்குக் கம்ப்ரசர் வாங்குகிறவர் கேட்கவேண்டிய முதன்மைக் கேள்வி, இது எவ்வளவு அழுத்தம் தரும் என்பதல்ல. இது உண்டாக்கும் வெப்பம் எங்கே போகிறது என்பதே. உலோக உடலும், வெப்பத்தைக் கடத்தும் தகட்டு மடிப்புகளும் உள்ள கருவி அதை வெளியே அனுப்பும். அழகான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த கருவி அதை உள்ளேயே வைத்துக்கொண்டு வேகும்.

பெட்டியின் மேல் இருக்கும் எண்கள்

பெட்டியில் மிகப் பெரிய எழுத்தில் '150 பிஎஸ்ஐ' என்று இருக்கும். அந்த அழுத்தத்தை எட்டும்போது கருவியிலிருந்து காற்று ஏறத்தாழ வராமலே நின்றிருக்கும். நம் டயருக்கு 35ஓ 80ஓதான் வேண்டும். ஆகவே அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு வேறு மூன்று எண்களைத் தேட வேண்டும்.

முதலாவது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்பது. இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பல பெட்டிகளில் எழுதியிருப்பது எதிர்அழுத்தமே இல்லாமல், குழாயைத் திறந்துவிட்டு அளந்த அளவு. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற அது சரியும். 'சுழி அழுத்தத்தில் இவ்வளவு, 30 பிஎஸ்ஐயில் இவ்வளவு, 80இல் இவ்வளவு' என்று அட்டவணை தரும் தயாரிப்பாளரை நம்பலாம்.

எவ்வளவு வேண்டும் என்று நாமே கணக்கிடலாம். 265/65 ஆர் 17 அளவுள்ள டயரின் உள்ளே சுமார் 60 லிட்டர் இடம் இருக்கும். 15இலிருந்து 35 பிஎஸ்ஐக்கு ஏற்ற அதற்குள் இன்னும் ஏறத்தாழ 82 லிட்டர் வெளிக்காற்றைத் திணிக்க வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்து 330 லிட்டர். பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட, ஆறு டயர் மோட்டார் ஹோமில் 35இலிருந்து 65 பிஎஸ்ஐக்கு ஏற்றினால் 670 லிட்டர். ஃபோர் வீல் வண்டிக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு காற்று, அதுவும் உயர்ந்த அழுத்தத்தில்.

இரண்டாவது எண் ஆம்பியர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர் வரைதான் தாங்கும். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 120 வாட். அதில் பாதிக்கு மேல் மோட்டாரிலும் உராய்விலும் வெப்பமாகப் போய்விடும். மிஞ்சுவதைக் கொண்டு 35 பிஎஸ்ஐ அருகே நிமிடத்துக்கு 20 லிட்டரைத் தாண்டுவதே கடினம். 65இல் 12 லிட்டர் வந்தால் பெரிது. எந்த விளம்பரமும் இந்த எல்லையை மீற முடியாது. சாக்கெட் தரும் ஆற்றல் அவ்வளவுதான். வேகமான கருவிகள் 30 ஆம்பியர் முதல் 60 ஆம்பியர் வரை இழுப்பவை. அவற்றை பேட்டரியின் முனைகளிலேயே நேரடியாகக் கவ்வி மாட்ட வேண்டும்.

அங்கேயும் கம்பியின் தடிமனைப் பார்க்க வேண்டும். 30 ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு மூன்று மீட்டர் நீளக் கம்பி, போகவர ஆறு மீட்டர் செம்பு. குறுக்குப் பரப்பு 6 சதுர மில்லிமீட்டர் என்றால் வழியில் அரை வோல்ட் இழப்பு. 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் இரண்டு வோல்ட் இழப்பு; 60 வாட் வெப்பம் கம்பியிலேயே எரியும். மெல்லிய கம்பியோடு மலிவாக வரும் கருவி, தன் மோட்டாரைப் பட்டினி போட்டுக் கம்பியைச் சுடவைக்கிறது.

மூன்றாவது எண்ணைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. 'டூட்டி சைக்கிள்', அதாவது ஓட்டத்துக்கும் ஓய்வுக்கும் உள்ள விகிதம். 33 சதவீதம் என்றால் பத்து நிமிடம் ஓடி இருபது நிமிடம் ஆற வேண்டும். இது பொதுவாக 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 22 டிகிரி போன்ற இதமான அறையில் அளந்த எண். 45 டிகிரி வெயிலில் கருவி ஆறுவதற்கு வழியே குறைவு. 33 சதவீதக் கருவி அங்கே அந்த அளவும் ஓடாது. உள்ளே வெப்பத்தடுப்பு இருந்தால் தானாக நின்று காப்பாற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் கருகும்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு டயர் மோட்டார் ஹோமுக்கு 670 லிட்டர் வேண்டும். சாக்கெட்டில் மாட்டும் சிறு கருவி 65 பிஎஸ்ஐ அருகே நிமிடத்துக்கு 12 லிட்டர் தருகிறது என்றால் ஓட்டமே ஒரு மணி நேரத்தை நெருங்கும். இடையில் ஓய்வையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். குழந்தைகள் உள்ளே அழ, பொழுது சாய, மனிதர் என்ன செய்வார்? இரண்டு டயருக்கு அடித்துவிட்டு, "மிச்சத்தை அடுத்த பெட்ரோல் பங்கில் பார்த்துக்கலாம்" என்று தார்ச்சாலையில் ஏறுவார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மெதுவான கருவி பொறுமையை மட்டும் சோதிப்பதில்லை, தவறு செய்யவும் தூண்டுகிறது.

எந்த வண்டிக்கு எது?

நகரச் சாலையை விட்டு இறங்காத காருக்குச் சாக்கெட்டில் மாட்டும் சிறு கருவியே போதும். மெல்லக் கசியும் டயருக்கு 5 பிஎஸ்ஐ ஏற்றிக் கடைவரை போக அது உதவும்.

வார இறுதியில் மணலில் இறங்கும் ஃபோர் வீல் வண்டிக்கு, பேட்டரியில் கவ்வும், 35 பிஎஸ்ஐ அழுத்தத்திலும் நிமிடத்துக்கு 40 லிட்டருக்குக் குறையாமல் தரும் கருவி வேண்டும். ஒரு டயருக்கு இரண்டு நிமிடம் போதும். நான்கும் பத்து நிமிடத்தில் முடியும்.

மோட்டார் ஹோமுக்கு முதலில் டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். வேன் சட்டத்தில் கட்டிய வண்டிகளில் 'சிபி' என்று குறித்த முகாம் வண்டி டயர்கள் இருக்கலாம். மாதக்கணக்கில் பாரத்தோடு நிற்பதைத் தாங்கும்படி செய்யப்பட்ட இவை, பின் சக்கரத்தில் 5.5 பார், அதாவது 80 பிஎஸ்ஐ வரை கேட்பவை. 80 பிஎஸ்ஐயிலும் கணிசமாகக் காற்றுத் தரும், முழுநேரம் ஓடக்கூடிய இரட்டைச் சிலிண்டர் கருவியே இதற்குப் பொருத்தம். குழாய் பின் சக்கரம் வரை எட்ட வேண்டும். இரட்டைச் சக்கரத்தில் உள்சக்கரத்தின் வால்வு கைக்கு எட்டாது. நீண்ட, வளைந்த முனை தேவை. வண்டியின் மின்சாரத்தையும் பாருங்கள். லாரி, பஸ் சட்டத்தின் மேல் கட்டிய பெரிய வண்டிகளில் 24 வோல்ட் இருக்கலாம். அதில் 12 வோல்ட் கருவியை மாட்டினால் அந்த நொடியே போய்விடும்.

மோட்டார் ஹோமில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, பட்டறையில் ஓடும் தொட்டி வைத்த 220 வோல்ட் கம்ப்ரசரையே ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்த மோட்டார் தொடங்கும் கணத்தில் ஓட்டத்தில் இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும். சாதாரண இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் விழும். எடையும் இடமும் தனிச் செலவு.

அண்மைக் காலத்தில் பரவியிருக்கும் லித்தியம் பேட்டரிக் கருவிகள் கையடக்கமானவை, வசதியானவை. ஆனால் வளைகுடாவில் ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. கோடையில் வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் முகப்புப் பலகை 70 டிகிரியைத் தாண்டும். லித்தியம் மின்கலங்களுக்குப் பெரும்பாலும் 60 டிகிரியே உச்ச வரம்பு. அதற்கு மேல் அவை ஆயுளை இழக்கும், உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். அவற்றை வண்டியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. கையோடு வீட்டுக்குள் எடுத்து வர வேண்டும்.

மணலோரத்தில் காற்றடிக்கும்போது

எஞ்சினை ஓடவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். அப்போது ஆல்டர்னேட்டர் தரும் 14 வோல்ட்டில் கருவி வேகமாக ஓடும், பேட்டரியும் இறங்காது. கருவியை மணலில் வைக்கக் கூடாது. காற்றை இழுக்கும் வாய் தூசியையும் இழுத்தால் சிலிண்டர் சுவர் தேயும். வண்டியின் நிழல் விழும் பக்கத்தில், ஒரு பலகையின் மேலோ மிதியடியின் மேலோ வையுங்கள். வடிகட்டிப் பஞ்சை ஒவ்வொரு பயணம் முடிந்ததும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஓடி முடித்த கருவியின் குழாய் இணைப்பை வெறுங்கையால் தொடாதீர்கள். அந்த உலோகம் தோலைச் சுட்டுவிடும்.

காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது முள் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. குறுகிய குழாயில் காற்றை நெருக்கித் தள்ளும் அழுத்தமும் அதில் சேர்ந்திருக்கும். கருவியை நிறுத்தினால் முள் சட்டென்று இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்கும். அந்த எண்தான் டயரின் அளவு. மணலில் ஓடி வந்த டயரும் உள்ளே போன காற்றும் சூடாக இருப்பதால், மறுநாள் காலை ஆறிய பின் இன்னொரு முறை அளந்து குறையை நிரப்பினால்தான் கணக்கு நேராகும்.

இந்த நாடுகளில் வேலை செய்யும் நம்மவர்கள் ஆண்டு முழுவதும் உழைத்து, குளிர்காலத்து விடுமுறையில் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து வண்டி எடுத்துப் பாலைவனம் பார்க்கக் கிளம்புகிறார்கள். சாப்பாட்டுக்கும் கூடாரத்துக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்துவிட்டு, கம்ப்ரசரை மட்டும் கடைசி நேரத்தில் பெட்ரோல் பங்க் கடை அலமாரியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போவது பெரும் பிழை. வாங்கும் முன் மூன்று விஷயங்களை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் டயர் கேட்கும் அழுத்தம், எத்தனை டயர், வண்டி எத்தனை வோல்ட். அந்த அழுத்தத்தில் கருவி நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தரும், எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் இல்லாத கருவியை வாங்காதீர்கள். வாங்கியதைப் பயணத்துக்கு முந்தைய வாரமே வீட்டு வாசலில் ஒரு டயரை இறக்கி ஏற்றிச் சோதியுங்கள். பிறகு ஒரே ஒரு விதியை மட்டும் எந்த அவசரத்திலும் மீறாதீர்கள்: எல்லாச் சக்கரங்களிலும் முழுக் காற்று ஏறும்வரை வண்டி வேகச்சாலையில் ஏறக் கூடாது.